கேமிங் அறிவிப்புகளை உடனுக்குடன் பின்தொடர: காணொளியா, எழுத்தா?

அமெரிக்காவின் பசிபிக் கரையில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும், புதிய கேம்களை அறிவிக்கும் சம்மர் கேம் ஃபெஸ்ட் நிகழ்ச்சி, இந்தியாவிலும் இலங்கையிலும் பின்னிரவு 2:30 மணிக்குத்தான் திரைக்கு வருகிறது. எக்ஸ்பாக்ஸ் கேம்ஸ் ஷோகேஸ் இரவு 10:30 மணிக்கும், ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து ஒளிபரப்பாகும் கேம்ஸ்காம் ஓப்பனிங் நைட் லைவ் இரவு 11:30 மணிக்கும், டிசம்பரில் நடைபெறும் தி கேம் அவார்ட்ஸ் காலை 6 மணியளவிலும் நமக்கு வந்து சேர்கின்றன. 1995-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய இ3 கண்காட்சி நிரந்தரமாக முடிவுக்கு வந்ததாக 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் சில நாட்களுக்குள் முடிந்துவந்த அறிவிப்புகள் இன்று நின்டெண்டோ டைரக்ட், ஸ்டேட் ஆஃப் ப்ளே போன்ற தனித்தனி ஒளிபரப்புகளாக ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இவை அனைத்தையும் கண்விழித்துப் பார்ப்பதா, அல்லது எழுத்தில் வரும் தகவல்களைப் படித்துக்கொள்வதா என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தியைத் தெரிந்துகொள்வதே நோக்கம் என்றால் எழுத்தே சிறந்த வழி. காணொளியை நமக்கு வேண்டிய இரண்டு மூன்று ட்ரெய்லர்களுக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது என்பதால், எந்த அளவுகோல்களின்படி இதற்கு வந்தேன் என்பதையும், எந்தச் சூழலில் இது மாறும் என்பதையும் கீழே விரிவாகத் தருகிறேன்.

## எவற்றைக் கொண்டு அளப்பது?

வேகம்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் அளவுகோல். உண்மையில் அது அவ்வளவு முக்கியமானதன்று. ஒரு கேம் அடுத்த ஆண்டு வெளியாகிறது என்பதை ஒரு நிமிடம் முன்னதாகத் தெரிந்துகொள்வதால் பெரும்பாலானோருக்கு எந்தப் பயனும் இல்லை.

அதைவிட முழுமையே முக்கியம். ஒரு கேம் அல்லது அதை ஆடும் கருவியான கன்சோல் குறித்து நாம் முடிவெடுக்க வேண்டுமானால் விலை, வெளியீட்டுத் தேதி, எந்தெந்தத் தளங்களில் (கன்சோல், கணினி போன்றவற்றில்) கிடைக்கும், என்ன நிபந்தனைகளுடன் கிடைக்கும் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். இவற்றில் எத்தனை நம் கைக்கு வந்து சேர்கின்றன என்பதே முதல் கேள்வி. அடுத்தது, காட்டப்பட்டதை நம் கண்ணால் பார்த்து மதிப்பிட முடிகிறதா என்பது. அதன் பிறகு டேட்டாச் செலவு, தூக்கம், பிறகு தேடி எடுக்கும் வசதி, காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் அது பயன்படும் விதம், ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ காதில் முழுமையாகப் பிடிபடாதவர்களுக்கு அது புரியும் விதம் ஆகியவை வருகின்றன.

## அதிகாரப்பூர்வக் காணொளி நேரலை

காணொளியின் மிகப் பெரிய பலம், இடையில் யாரும் இல்லாமல் நாமே பார்க்கிறோம் என்பது. 2023 மார்ச் 28 அன்று ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ கேமைத் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா தாமே ஆடிக் காட்டினார். மரக்கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, அவற்றின் மேல் விசிறிகளைப் பொருத்தி, ஆற்றைக் கடக்கும் படகாக மாற்றிய காட்சி அதில் இருந்தது. “பொருள்களை இணைத்துப் புதிய பொருள்களை உருவாக்கலாம்” என்று எழுதினால் அதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தவருக்கு ஏற்பட்ட வியப்பு அந்த வாக்கியத்தைப் படித்தவருக்கு ஏற்பட்டிருக்காது. அசைவு, தாளம், இசை, கட்டுப்பாட்டின் இலகு ஆகியவையே ஒரு கேமின் உயிர் என்றால் அவற்றை எழுத்தால் முழுமையாகச் சுமந்து வர முடியாது.

ஆனால் காணொளி நம்மைத் தவறான முடிவுக்கும் இட்டுச்செல்லும். 2005 இ3-இல் சோனி காட்டிய ‘கில்ஸோன்’ ட்ரெய்லரைப் பார்த்தவர்கள் அது ப்ளேஸ்டேஷன் 3-இல் ஓடும் கேம் என்றே நம்பினார்கள். அது முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட அசைவூட்டம் என்பது பின்னர்தான் தெளிவானது. அரங்கில் அமர்ந்து எழுதிய செய்தியாளர்களிலும் பலர் அன்று அதை நம்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கண்ணால் பார்ப்பது மட்டுமே சரிபார்ப்பு ஆகிவிடாது.

மறைந்திருக்கும் செலவுகளில் டேட்டா முதலாவது. 1080பி தரத்தில் நொடிக்கு 5 மெகாபிட் வீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.25 ஜிபி செலவாகும். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு 4.5 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் ப்ரீபெய்டு திட்டத்தில் இருப்பவர் பாதி நிகழ்ச்சியைக்கூட முழுத் தரத்தில் பார்க்க முடியாது. தரத்தை 480பி-க்குக் குறைத்தால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் மழை, புல்வெளி, இருட்டு, வேகமான சண்டை ஆகிய காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதையும். காணொளியைத் தேர்ந்தெடுத்ததற்கான ஒரே காரணம் காட்சியின் அழகுதான் என்னும்போது, அந்த அழகையே இழந்துவிட்டு நேரலையைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை. அதே ட்ரெய்லரை நிறுவனங்கள் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தனியாக, நேரலையைவிடத் தெளிவான தரத்தில் பதிவேற்றிவிடுகின்றன. அதே வீதத்தில் கணக்கிட்டால் மூன்று நிமிட ட்ரெய்லருக்கு 115 எம்பி கூடத் தேவைப்படாது.

இரண்டாவது செலவு, நம் கவனத்துக்கு நேர்வது. நிகழ்ச்சிகளில் வரும் ட்ரெய்லர்களில் கணிசமானவை கட்டணம் செலுத்தி இடம்பெறுபவை. 2024 சம்மர் கேம் ஃபெஸ்ட்டில் ஒரு நிமிட ட்ரெய்லருக்கு 2,50,000 டாலர் கேட்கப்பட்டதாக எஸ்கொயர் இதழ் செய்தி வெளியிட்டது. கட்டணம் செலுத்திய கேம் மோசமானது என்று நான் சொல்ல வரவில்லை. எது எவ்வளவு நேரம் திரையில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது செய்தியின் முக்கியத்துவம் மட்டுமே இல்லை என்பதை நேரலை பார்ப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். தி கேம் அவார்ட்ஸ் மூன்று மணி நேரத்தையும் தாண்டி நீளும் நிகழ்ச்சி. நாம் எதிர்பார்க்கும் ஒரு கேம் எப்போது வரும் என்று தெரியாததால் முழுவதையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

## பிடித்த ஸ்ட்ரீமரோடு சேர்ந்து பார்ப்பது

நிகழ்ச்சியைத் தம் சேனலில் ஓட்டிக்கொண்டே நேரலையில் பேசுபவரே ஸ்ட்ரீமர். அவரோடு பார்ப்பது செய்தியைவிடக் கூட்டத்தின் மகிழ்ச்சிக்கு உரியது. பலர் ஒன்றுகூடி ஆரவாரம் செய்யும் அனுபவம் தனியே படிப்பவருக்குக் கிடைக்காது; தமிழில் பேசும் ஸ்ட்ரீமர் ஒருவர் உடனுக்குடன் விளக்கும்போது மொழித் தடையும் குறைகிறது. ஆனால் அவர் பேசும்போது ட்ரெய்லரின் ஒலி அமுங்கிப்போகிறது, இசை உரிமைச் சிக்கலுக்கு அஞ்சிச் சில இடங்களில் ஒலியே நிறுத்தப்படுகிறது, கடைசிச் சட்டத்தில் வரும் சிறிய எழுத்துகள் அவருடைய முகப்பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. டேட்டாச் செலவிலும் தூக்க இழப்பிலும் எந்தக் குறைவும் இல்லை.

## எழுத்து நேரலை

யூரோகேமர், தி வெர்ஜ் போன்ற தளங்கள் பெரிய நிகழ்ச்சிகளின்போது நிமிடத்துக்கு நிமிடம் எழுத்தில் தகவல் தருகின்றன. இதோடு ப்ளேஸ்டேஷன் பிளாக், எக்ஸ்பாக்ஸ் வயர், நின்டெண்டோவின் இணையதளம் ஆகியவற்றில் நிறுவனங்களே வெளியிடும் அறிவிப்புகளையும் சேர்த்துத்தான் நான் ‘எழுத்து’ என்கிறேன். காணொளியைப் பார்த்து யாரோ எழுதும் சுருக்கமே எழுத்து என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. கேமிங் துறையில் பல முக்கியமான தகவல்கள் காணொளியில் வருவதே இல்லை, எழுத்தில் மட்டுமே வருகின்றன.

2020 செப்டம்பர் 16 அன்று நடந்த ப்ளேஸ்டேஷன் 5 நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மறுநாள் பின்னிரவு 1:30 மணி. கன்சோலின் விலை 499.99 டாலர், வட்டு இயக்கி இல்லாத பதிப்பு 399.99 டாலர் என்பவை காணொளியிலேயே அறிவிக்கப்பட்டன. ஆனால் ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’, ‘ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலஸ்’ ஆகியவை பழைய ப்ளேஸ்டேஷன் 4-க்கும் வரும் என்பதும், சோனியின் சொந்த கேம்களின் விலை 69.99 டாலர் வரை உயரும் என்பதும் நிகழ்ச்சிக்குப் பிறகு ப்ளேஸ்டேஷன் பிளாகில் எழுத்தாகத்தான் வந்தன. அந்த கேம்களுக்காகவே புதிய கன்சோல் வாங்கத் துடித்த ஒருவருக்கு இதைவிட முக்கியமான செய்தி அன்று எது இருந்திருக்க முடியும்? காணொளியை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போனவருக்கு அது தெரிந்திருக்காது.

அதே நிகழ்ச்சியில் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ ட்ரெய்லரின் இறுதியில் கேம் கணினியிலும் கிடைக்கும் என்ற வரி காட்டப்பட்டது. பின்னர் அது மனிதத் தவறால் நேர்ந்தது என்று சோனி விளக்கியது. நேரலையைப் பார்த்தவர் மனத்தில் தவறான தகவலே பதிந்தது. எழுத்தைப் பின்தொடர்ந்தவரோ திருத்தத்தையும் அதே இடத்தில் படிக்க முடிந்தது.

நான்கரை ஆண்டுகள் கழித்து இதுவே இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2025 ஏப்ரல் 2 அன்று, நம் நேரப்படி மாலை 6:30 மணிக்கு, நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கான டைரக்ட் ஒளிபரப்பானது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கன்சோலைப் பற்றியே பேசிய அந்தக் காணொளியில் கன்சோலின் விலை சொல்லப்படவில்லை. 449.99 டாலர் என்பதும், ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ கேமின் விலை 79.99 டாலர் என்பதும் நிகழ்ச்சி முடிந்ததும் எழுத்தில் வெளிவந்தன. பிறகு நின்டெண்டோ நடத்திய விளையாட்டு நேரலைகளில் விலையைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கைகளால் அரட்டைப் பகுதி நிரம்பி வழிந்தது. கேம்-கீ கார்டு என்ற புதிய வகை அட்டையில் கேம் இருக்காது, இணையத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ள வேண்டும் என்ற விளக்கமும் நின்டெண்டோவின் உதவிப் பக்கத்தில் எழுத்தாகத்தான் இருந்தது. அளவான டேட்டாவோடு வாழ்பவர்கள் வாங்குவதற்கு முன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் அதுதான். இரண்டு நாள் கழித்து, இறக்குமதி வரிகளின் காரணமாக அமெரிக்காவில் முன்பதிவு தள்ளிப்போகிறது என்ற அறிவிப்பும் எழுத்திலேயே வந்தது.

இதில் ஒரு ஒழுங்கு தென்படுகிறது. கொண்டாட வேண்டியதை நிறுவனங்கள் காணொளியாகத் தருகின்றன. வருத்தம் தரக்கூடியதை எழுத்தாகத் தருகின்றன. 2020-இல் ‘சைபர்பங்க் 2077’ ஏப்ரல் 16-இலிருந்து செப்டம்பர் 17-க்கும், பிறகு நவம்பர் 19-க்கும், கடைசியில் டிசம்பர் 10-க்கும் தள்ளிப்போனபோது ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பே வெளியானது. ‘ஜிடிஏ 6’ கேம் 2026 மே 26-க்குத் தள்ளிப்போகிறது என்று 2025 மே 2 அன்று அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் எழுத்தில் அறிவித்தது. நான்கு நாள் கழித்து, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், இரண்டாவது ட்ரெய்லர் வந்தது. நவம்பர் 6 அன்று, வெளியீடு 2026 நவம்பர் 19-க்கு மீண்டும் தள்ளிப்போன செய்தியும் எழுத்துதான். டாங்கோ கேம்வொர்க்ஸ் உருவாக்கிய ‘ஹை-ஃபை ரஷ்’, 2023 ஜனவரி 25 அன்று எக்ஸ்பாக்ஸ் காணொளியில் அறிவிக்கப்பட்டு அன்றே விற்பனைக்கும் வந்தது. அந்த ஸ்டுடியோவை மூடும் முடிவு 2024 மே 7 அன்று ஊழியர்களுக்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சல் வழியாகவே வெளியுலகுக்குத் தெரிந்தது. கேமிங் உலகில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புபவர் காணொளியை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேருந்திலோ அலுவலகத்திலோ ஒலியின்றிப் படிக்கலாம். தேவையில்லாத பத்தியைத் தாண்டிப் போகலாம். கேமின் பெயரைத் தட்டித் தேடினால் அந்த இடத்துக்கே போய்விடலாம். பார்வையற்றவரின் திரை வாசிப்பு மென்பொருள் அதைப் படித்துக் காட்டும்; காது கேளாதவருக்கு, கேம்களின் பெயர்களைத் தாறுமாறாக எழுதும் தானியங்கி வசனத்தை நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லை. ஆங்கில உச்சரிப்பு வேகமாக ஓடும்போது தவறவிடுபவர்கள் எழுத்தை நிதானமாக இரண்டு முறை படித்துப் புரிந்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்த பலர் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் காரணம் இது. தயங்க வேண்டியதே இல்லை.

எழுத்துக்கும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. எது முக்கியம் என்பதை இன்னொருவர் நமக்காகத் தீர்மானிக்கிறார். சிறிய ஸ்டுடியோ ஒன்றின் அழகான கேம், பெரிய அறிவிப்புகள் அடுத்தடுத்து வரும் நேரத்தில், ஒரு வரியோடு கடந்துவிடப்படலாம். அவசரத்தில் தட்டச்சு செய்பவர் தேதியையோ தளத்தையோ தவறாகக் கேட்டு எழுதிவிடலாம் என்பதால், முதல் சில நிமிடங்களில் வரும் எந்த எண்ணையும் உறுதியானதாகக் கொள்ளக் கூடாது. தானாக ஓடும் விளம்பரக் காணொளிகள் நிறைந்த பக்கங்கள் எழுத்தின் டேட்டாச் சிக்கனத்தைக் கெடுத்துவிடும். உலாவியில் தானியங்கிக் காணொளியை நிறுத்திவைப்பது நல்லது. எழுத்து நிலைத்திருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. 2024 ஆகஸ்ட் 2 அன்று கேம் இன்ஃபார்மர் இதழ் மூடப்பட்டபோது அதன் இணையதளம் முழுவதும் மறைந்து ஒரு விடைபெறும் குறிப்பு மட்டுமே எஞ்சியது. 2025 மார்ச் மாதத்தில் புதிய உரிமையாளரின் கீழ் அது மீண்டு வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பல தளங்களுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. பழைய இ3 காணொளிகள் இன்றும் யூடியூபில் கிடைக்கின்றன என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

## எக்ஸ், ரெடிட், டிஸ்கார்டு துணுக்குகள்

வேகத்தில் இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் ‘ஜிடிஏ 6’-இன் முதல் ட்ரெய்லர் கசிந்ததும், அறிவித்திருந்த நேரத்துக்கு முன்பாகவே ராக்ஸ்டார் அதை அதிகாரப்பூர்வமாக வெளியிட்டது. குறித்த நேரத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு முன்பே துணுக்குகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் நிறுவனங்களின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்ட போலிக் கணக்குகள், பழைய வதந்தியைப் புதிய செய்தியாகப் பகிர்பவர்கள், கதையின் திருப்பத்தை முன்கூட்டியே உடைப்பவர்கள் ஆகியோரும் அங்கேதான் இருக்கிறார்கள். தகவலும் அதன் திருத்தமும் வெவ்வேறு பதிவுகளில் சிதறிக் கிடப்பதால், முதலாவது ஆயிரம் பேரைச் சென்றடையும்போது இரண்டாவது சிலரையே சென்றடைகிறது. அதிகாரப்பூர்வக் கணக்குகள் மட்டும் அடங்கிய ஒரு பட்டியலை உருவாக்கிக்கொண்டால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

## மறுநாள் காலைத் தொகுப்பு

நேரலையே வேண்டாம் என்று முடிவெடுப்பவருக்கு உரிய வழி. இரவு முழுவதும் நடந்தவை காலையில் பத்து நிமிட வாசிப்பாகத் திருத்தங்களோடு கிடைக்கின்றன. முழு நிகழ்ச்சியையும் பார்க்க விரும்பினால் 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இழப்பு ஒன்றே ஒன்று: எண்ணிக்கை குறைந்த சிறப்புப் பதிப்புகளுக்கான முன்பதிவு இரவிலேயே முடிந்திருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | காணொளி நேரலை | எழுத்து நேரலை | துணுக்குகள் | காலைத் தொகுப்பு |
|---|---|---|---|---|
| வேகம் | உடனடி | ஓரிரு நிமிடத் தாமதம் | உடனடி, சில நேரம் முன்கூட்டியே | பல மணி நேரத் தாமதம் |
| விலை, நிபந்தனை | பெரும்பாலும் முழுமையற்றது | முழுமைக்கு மிக அருகில் | சிதறியது | முழுமையானது |
| காட்சி அனுபவம் | சிறப்பு | இல்லை | துண்டுகள் | தனி ட்ரெய்லர் வழியாக |
| டேட்டா | மணிக்கு 2 ஜிபிக்கு மேல் (1080பி) | மிகக் குறைவு | காணொளிகளைப் பொறுத்தது | மிகக் குறைவு |
| பிறகு தேடுவது | கடினம் | எளிது | மிகக் கடினம் | மிக எளிது |
| மறைந்திருக்கும் செலவு | தூக்கம், கட்டண ட்ரெய்லர்கள் | அவசரப் பிழை, பிறர் தேர்வு | போலிச் செய்தி | முன்பதிவைத் தவறவிடுதல் |

## யாருக்கு எது பொருந்தும்?

கேம் வடிவமைப்பு, அசைவூட்டம், இசை ஆகியவற்றைப் படிப்பவர்களும் அத்துறைகளில் பணிபுரிபவர்களும் காணொளியையே பார்க்க வேண்டும். நேரலையாகத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. விருது அறிவிக்கப்படும் தருணத்தில் ஒரு படைப்பாளியின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைக் காண விரும்புபவருக்கு தி கேம் அவார்ட்ஸ் காலை 6 மணிக்கு வருவது வசதிதான். நண்பர்கள் ஒரே அறையில் கூடும் வார இறுதி என்றால் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியின் 10:30 மணி தாங்கக்கூடியதே. ஈ-ஸ்போர்ட்ஸ் இறுதிப் போட்டிக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் அங்கே எல்லாமே.

மற்ற எல்லோருக்கும், குறிப்பாக அடுத்த நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போக வேண்டியவர்களுக்கும், குறைந்த பணத்தில் ஆண்டுக்கு ஓரிரு கேம்களை மட்டும் வாங்குபவர்களுக்கும், என் பரிந்துரை எழுத்துதான். இரவு 10:30, 11:30 நிகழ்ச்சிகளுக்கு எழுத்து நேரலையைத் திறந்துவைத்துக்கொண்டு, மனத்தைத் தொட்ட பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னிரவு 2:30 நிகழ்ச்சிகளைக் காலைத் தொகுப்புக்கு விட்டுவிடுங்கள். குறித்த பெயர்களின் ட்ரெய்லர்களை வைஃபை கிடைக்கும் இடத்தில் முழுத் தரத்தில் பாருங்கள். வாங்கும் எண்ணம் வந்துவிட்டால், பணம் செலுத்துவதற்கு முன் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பக்கத்தையும் உதவிப் பக்கத்தையும் கடைசி வரி வரை படித்து, உங்கள் தளத்தில் கேம் கிடைக்கிறதா, எவ்வளவு பதிவிறக்க வேண்டியிருக்கும், தொடர்ந்து இணையம் தேவையா என்ற மூன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.